குட்டை அம்பு

ஹலோ... ஹலோ, நார்பர்ட்டா?... ஆமா... ஆமா ஆமா, வெண்டல்தான் பேசறேன்... எந்த வெண்டலா? உனக்கு எத்தனை வெண்டலைப்பா தெரியும்?... சரி. சரி, ஏழு வருஷம் கழிச்சுப் போன் பண்ணினா அப்படித்தான் கேப்ப. கேளு.

இல்ல, யாரும் சாகல. எல்லாரும் நல்லா இருக்காங்க... ஆமா, மழை உண்டுன்னுதான் சொல்றான். மூணு மணிக்கு மேல... நார்பர்ட், நேரா விஷயத்துக்கு வரேன். உன் நாய் இன்னிக்குச் சும்மா இருக்கா?... அதுதான், அந்தக் குட்டைக்கால் நாய். ஹில்டா. பேரு தெரியும்ப்பா... ஆமா, நாலு கால் முளைச்ச சாசேஜுன்னு சொன்னேன். நம்ம வில்வேட்டைக் கிளப்புல மைக்கைப் பிடிச்சே சொன்னேன். எனக்கே ஞாபகம் இருக்கு, நீ எடுத்துக் குடுக்க வேணாம்.

ஒரு சின்ன உதவி. அடிபட்ட மான் ஒண்ணைத் தேடணும். நாய் இல்லாம முடியாது போல இருக்கு... எனக்கா? எனக்கு எதுக்கு? முப்பத்தியோரு வருஷத்துல நான் ஒரு மானைத் தொலைச்சது கிடையாது, உனக்கே தெரியும். இது ப்ரென்ட். என் மருமகன்... ஆமா, அவனேதான். காலையில பரண் மேல உக்காந்திருக்கான், மான் வந்திருக்கு, அடிச்சிருக்கான், ஓடிப்போச்சு. கொஞ்ச தூரம் ரத்தம் இருக்கு, அப்புறம் ஒண்ணையும் காணோம்.

எதால அடிச்சானா? வில்லாலதான். அக்டோபர்ல வில்லுக்கு மட்டும்தானே சீசன், பீரங்கியா வெச்சு அடிப்பான்?... எந்த வில்லுன்னா... அது வந்து... குறுக்குவில்.

ஹலோ?... இருக்கியா?... ஆமா, குறுக்குவில்லுதான். துப்பாக்கி மாதிரி தோள்ல முட்டுக் குடுத்து விசையை அழுத்தறது... பாரு, உனக்கே போய் நான் விளக்கம் சொல்றேன். தப்பா நினைச்சுக்காத... ஆமாப்பா, என் வீட்டுலயேதான். என்ன பண்ணச் சொல்ற? இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாணை இழுத்துப் பழக எங்க பொறுமை இருக்கு? நானும் சொல்லிப் பாத்தேன். காதுல வாங்கல.

அடி எங்க பட்டுதா? தோளுக்குப் பின்னாடின்னு சொல்றான். நல்ல அடிதான்... ரத்தம் சிவப்பு. நல்ல சிவப்பு... நுரையா? நுரையீரல்ல பட்டா வருமே, அதா? இருந்திருக்கும். இருந்துதுன்னுதான் சொன்ன மாதிரி இருந்துது... நான் எங்க பாத்தேன், அவன்தானே பாத்தான்... அம்பு கிடைச்சுது. அவன்கிட்டதான் இருக்கு... என்ன?

அவன்கிட்டயே பேசணுமா? எதுக்கு, நான்தான் எல்லாத்தையும் சொல்றேனே... இல்ல இல்ல, உன் வழக்கம் புரியுது. விசையை அழுத்தினவன் வாயாலதான் கேப்ப. நியாயம்தான். ஆனா அவன் இப்ப பக்கத்துல இல்ல. காட்டுக்குள்ள நிக்கறான், அங்க சிக்னல் எடுக்காது. பையன் ரொம்ப வெக்கப்பட்டுப் போய்க் கிடக்கான் நார்பர்ட், அதான் மாமனார் நான்...

என்ன?... எப்ப பாத்த?... ஏழரைக்கா.

...சீஸ் ஃபாக்டரியிலயா.

ஆமா... ஆமா, சனிக்கிழமையும் அவனுக்கு வேலை உண்டு... நீ பால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினப்ப அவன்தான் குழாய் மாட்டினானா... டோனட் வேற குடுத்தானா. நல்ல பையன். நல்ல பையன்தான் அவன். மீன் பிடிக்கறதோட சரி, மான் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்...

நார்பர்ட், வெச்சிடாத... வெச்சிடாதப்பா, ஒரு நிமிஷம்... நான்தான். அடிச்சது நான்தான்.

சொல்லிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தேன், மாட்டிக்கிட்டேன். சிரி, பரவாயில்ல... சிரிக்கலையா? சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆமா, குறுக்குவில்லுதான். அது பொய் இல்ல... என்னோடதுதான். ஆகஸ்ட்ல வாங்கினேன். இங்க வாங்கல, ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய், யாரும் தெரிஞ்சவன் இல்லாத ஊர்ல வாங்கினேன். கண்ணுக்குட்டித் தீவன மூட்டைக்கு அடியில வெச்சிருந்தேன். வீட்டுல கேட்டதுக்குப் பண்ணைக்கு ஏதோ சாமான்னு சொன்னேன்.

தோள்தான். வலது தோள். ரெண்டு வருஷமா... கிழிஞ்சுபோச்சாம் உள்ள. டாக்டர் கத்தி வைக்கலாம்கறார், வெச்சாலும் பழையபடி வில்லை இழுக்க முடியாதுங்கறார்... யாருக்கும் தெரியாது. போன வருஷம் சீசன் முழுக்க வில்லைத் தூக்கிட்டுப் போய்ப் பரண்ல உக்காந்தேன். ஒருநாள்கூட இழுக்கல. இழுக்க முடியல. நல்ல நல்ல மான் கால்மாட்டுல வந்து நின்னுட்டுப் போச்சு. கிளப்புல வந்து, சின்னது சின்னதா வருது, வளரட்டும்னு விட்டுட்டேன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. தலைவர்னா இப்படி இருக்கணும்னு சொன்னாங்க.

தெரியும்... தெரியும் நார்பர்ட். குறுக்குவில்லு குறுக்குப்புத்திக்காரனுக்குன்னு சொன்னவன் நான்தான். கிளப்புச் சுவத்துல எழுதி மாட்டினதும் நான்தான்... இன்னும் அங்கயேதான் தொங்குது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை, வேற என்ன சொல்ல.

ஒரு நிமிஷம் இரு, இன்னொரு போன் வருது... கிளப்புலேர்ந்து. எடுக்கல, நீ சொல்லு. இன்னிக்கு அங்க இலையுதிர்கால வில்லுப் போட்டி, பதினொரு மணிக்கு நான்தான் மைக்ல பேசித் தொடங்கி வைக்கணும்... எங்க இருக்கேனா? ரோட்டோரம், வண்டிக்குள்ள. கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு.

சரி, கேளு. இனிமே ஒழுங்காச் சொல்றேன்... ஏழே கால் இருக்கும். இருபத்தஞ்சு கெஜம். பெட்டை மான். வளந்தது, தனியா வந்துது. கொம்பு ஒண்ணும் இல்ல, பெருமை அடிச்சுக்க எதுவும் இல்ல. குளிருக்கு முன்னாடி வீட்டுல கறி இருக்கட்டும்னுதான்... அடிபட்ட உடனே என்ன பண்ணுச்சா? துள்ளல. முதுகை வளைச்சுது. வாலை இறக்கிட்டு மெதுவா நடந்துது.

ஆமா... நீ நினைக்கறதுதான். முன்னாடி சொன்ன சிவப்பு, நுரை எல்லாம் கதை. ரத்தம் கறுப்பா இருக்கு. அம்புல நாத்தம் அடிக்குது. மோந்து பாத்தேன். குடல் பக்கம்தான். ஈரல்லயும் கொஞ்சம் பட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிடுமேன்னு ஒரு நப்பாசை.

ஏன் அவ்வளவு பின்னால போச்சுன்னா... ஒரு கிளை குறுக்க... இல்ல. கிளை கிடையாது. என் கட்டை விரல்... ஆமா. ஆமா, அதேதான். பழக்கதோஷம். கைவில்லைப் பிடிச்ச மாதிரி விரலைத் தூக்கி வெச்சுட்டேன், நாண் ஓடற வழியில. விசையை அழுத்தினேன், நாண் வந்து விரல்ல அடிச்சுது, வில்லு ஒரு ஆட்டம் ஆடிடுச்சு... நகம் பாதி போச்சு. கைக்குட்டையைச் சுத்தி, மேல டேப் ஒட்டியிருக்கேன். வாங்கின பெட்டியிலேயே படம் போட்டு எழுதியிருக்கு, விரலை வைக்காதேன்னு. நான் படிக்கவே இல்ல. எனக்கா வில்லைப் பிடிக்கச் சொல்லித் தர வரீங்கன்னு தூக்கிப் போட்டுட்டேன்.

என்னது?... உனக்குமா? எந்த வருஷம்?... முதல் வருஷமா. ரெண்டு தையலா... நீ யார்கிட்டயும் சொல்லவே இல்லையேப்பா.

...ஆமா. சொல்ல யாரு இருந்தா.

இல்ல, கேக்கறேன். சொல்லு... அடிச்சப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனா? அதைத்தான் கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்... பத்து நிமிஷம். பத்துகூட இருக்காது.

தெரியும்ப்பா. புதுசா வர ஒவ்வொருத்தனுக்கும் முப்பத்தியோரு வருஷமா நான்தான் சொல்லித் தரேன். அடிச்சியா, அரை மணி நேரம் அசையாத. வயித்துல பட்டுதா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிட்டு வா. ஊருக்குத்தான் உபதேசம். இறங்கி ஓடினேன் நார்பர்ட். நூத்தம்பது கெஜம்கூடப் போகல, ஒரு புதர்ல படுத்திருந்துது. தலையைத் தூக்கி என்னைப் பாத்துது. எழுந்திருக்க முடியாம எழுந்து ஓடுச்சு... ஆமா, நான்தான் எழுப்பி விரட்டிட்டேன். அங்கயே விட்டிருந்தா அமைதியா முடிஞ்சிருக்கும்.

ஏன்னா கேக்கற... சொன்னா நீ போனை வெச்சிடுவ. அம்பு உள்ள பாய்ஞ்சு வெளிய வந்துடுச்சுன்னு எனக்கு அப்ப தெரியாது. மான் உடம்புலயே நிக்குதுன்னு நினைச்சேன். கிளப்புக்காரன் எவனாவது அந்த மானை எனக்கு முன்னாடி பாத்துட்டா? குட்டை அம்பு. முழம்கூட ஒழுங்கா இல்லாத அம்பு, பாத்தாலே குறுக்குவில்லுன்னு தெரியும். அதுல நான் எப்பவும் ஒட்டற மஞ்சள் இறகு வேற. அந்தப் பயத்துல ஓடினேன். மானுக்கு வலிக்குமேன்னு தோணல. என் மானம் போயிடுமேன்னுதான் தோணுச்சு... ஆமா. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது. ஆனா நடந்தது அதுதான்.

...ம்... ம்... சொல்லு, குறிச்சுக்கறேன். கிட்ட போகக் கூடாது... கடைசி ரத்தத்துக்குப் பக்கத்துல துணி கட்டியிருக்கேன், ஆரஞ்சுத் துணி... இல்ல, மேல மிதிக்கல. ஓரமாத்தான் நடந்தேன்... மதியம் ஒரு மணிக்கா? அவ்வளவு நேரம் கழிச்சா? மழை வந்துடுமே... சரி. சரி, படுக்க விடணும், புரியுது. மழைக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஹில்டாவுக்குப் போதும்னா போதும். நாயைப் பத்தி நான் பேசல.

அப்ப வரியா?... வரியா நார்பர்ட்?... ரொம்ப... இல்ல, சரி. நன்றின்னு மட்டும் சொல்லிக்கறேன்.

எந்தப் பக்கம் போயிருக்குன்னா... அங்கதான் இன்னொரு சிக்கல். கிளப்பு வேலிப் பக்கம் போயிருக்கு. வேலியில ரத்தம் இருக்கு, ரோமம் ஒட்டியிருக்கு. தாண்டி உள்ள இறங்கிடுச்சு, அந்தப் பின்பக்கச் சோளக்கொல்லைக்கு... ஆமா, அங்கதான். ஒரு மணிக்கு நாப்பது பேர் அங்க நிப்பான். போட்டி முடிஞ்சு சாப்பாட்டு நேரம். நீ மட்டும் நாயைக் கூட்டிட்டுப் போக முடியாதா? உனக்கு எல்லாருமே தெரிஞ்சவங்கதானே... அடிச்சவன் கூட வரணுமா. கட்டாயமா... ஆமா, உயிரோட இருந்தா முடிச்சு வைக்கணும், அது என் வேலைதான். வில்லையும் கொண்டு வரணும். ஆமா.

நார்பர்ட், நாலு மணிக்கு எல்லாரும் போயிடுவாங்க. அப்புறமா... இல்ல. மழை. இல்ல, நீ சொல்றது சரி. வயித்துல அம்பு பட்டுக் கிடக்கறதுக்கு என் வெக்கத்துக்காகக் காத்திருன்னு சொல்லக் கூடாது.

என்ன?... ஓடை வழியாவா?... அட, ஆமா, அந்தப் பழைய பாலத்துக்கு அடியில நுழைஞ்சா கொல்லைக்குப் பின்பக்கமே ஏறிடலாம். வில்லுகூடக் கிளப்புலேர்ந்து தெரியாது... கோணிப்பைல சுத்திக்கலாமா?... நீயே கொண்டு வரியா கோணி.

நீ எனக்காக இவ்வளவு யோசிக்கணும்னு ஒண்ணும் இல்லப்பா... இல்ல, உன் இடத்துல நான் இருந்தா யோசிச்சிருக்க மாட்டேன், அதான் சொல்றேன். சரி. பாலத்துக்கிட்ட ஒரு மணி. வெச்சிடட்டுமா?... சொல்லு.

...

அந்த ஓட்டு விஷயத்தை ஏன் இப்ப எடுக்கற? விடு... இல்ல நார்பர்ட், விடு, அதெல்லாம் பழசு... எனக்கு எதுக்கு நன்றி... நான் ஒண்ணும் பெருசா... யார் சொன்னா உனக்கு? நான்தான் சொன்னேனா... ஆமா, கிளப்புலேர்ந்து கழட்டின உன் பேர்ப் பலகையைக் கொண்டுவந்து குடுத்த அன்னிக்கு. உன் சமையல்கட்டுல நின்னுட்டு. நீ காப்பி போட்டுக் குடுத்த.

சரி... சரி, அப்புறம் பாக்கலாம். வெச்சிடறேன்... ஒரு மணிக்கு. ஆமா... ஆமா...

நார்பர்ட். இரு. வெச்சிடாத.

நான் உனக்கு ஓட்டுப் போடல.

...இல்ல, நல்லாத்தான் கேட்டுது உனக்கு. ஏழு வருஷம் முன்னாடி அந்தக் காப்பி டப்பாவுல சீட்டுப் போட்டோமே. நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தவன் குறுக்குவில்லுல அடிச்ச மான் கிளப்புச் சாதனைப் பலகையில இருக்கலாமா கூடாதான்னு. உள்ள எண்ணினது நானும் நம்ம கிளப்பு எல்ராயும்தான். பதினாலுக்குப் பதினாலு. சமமா வந்துது. சமமா வந்தா தலைவர் ஒரு சீட்டுப் போடணும். எல்ராய் என் மூஞ்சியைப் பாத்தான். நான் கூடாதுன்னு எழுதி மடிச்சு டப்பாவுல போட்டேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்து உன்கிட்ட, நான் உனக்குத்தான் போட்டேன், ஒரே ஒரு ஓட்டுல போச்சுன்னு சொன்னேன்.

எல்ராய் அரிசோனா போயிட்டான். வேற யாருக்கும் தெரியாது. இப்பகூட நான் சொல்லாம இருந்திருக்கலாம். ஓடை வழியா உன் பின்னாடியே நடந்து வந்து, மானை எடுத்துக்கிட்டு, நன்றின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். நீ கோணி கொண்டு வரேன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் முடியல.

காரணமா? கொள்கை, பாரம்பரியம், அப்படி எல்லாம் பேசினேன் மைக்ல... இல்ல. அதுகூட இல்ல நார்பர்ட். ஒன்பது வருஷமா என் மான்தான் அந்தப் பலகையில மேல இருந்துது. உன்னோடது வந்ததும் ரெண்டாவதாப் போச்சு. பன்னெண்டு கிளைக் கொம்பு. அதை இறக்கினா என்னோடது திரும்ப மேல ஏறும். அவ்வளவுதான். பொறாமை. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப உன் மாட்டுக்கெல்லாம் பால் கறந்தது நான்தான், உன் மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. ஆனா அந்தச் சீட்டை எழுத ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

...

நார்பர்ட்?... ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டிடு...

நீ வர வேணாம்னு நினைச்சா அது நியாயம். நான் எதுவும் கேக்க மாட்டேன். ஆனா ஹில்டாவை மட்டும்... உன் பொண்ணுகிட்ட குடுத்து அனுப்பினாக்கூட... அந்த மான் என்ன பண்ணுச்சு பாவம், நான் பண்ணினதுக்கு அது ஏன்...

...வரியா?... ம்... ம்... மானுக்காக. புரியுது. எனக்காக இல்ல. புரியுதுப்பா, நான் அப்படி நினைச்சுக்கல.

ஓடை வழியா வர மாட்டியா?... அப்ப எந்த வழியா...

...முன்வாசல் வழியாவா.

அந்நேரம் எல்லாரும் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லதான்... இல்ல. ஆட்சேபணை இல்ல. சும்மா சொன்னேன்... ஆமா, அன்னிக்கு ஓட்டு முடிஞ்சு நீ வெளிய நடந்ததும் அதே வாசல் வழியாத்தான்.

கோணி வேணாம். கொண்டு வராத... உறையும் இல்லாம. சரி. கையிலயே பிடிச்சுக்கறேன்... கேட்டா சொல்றேன். என்ன கேட்டாலும் சொல்றேன், சீட்டைப் பத்தியும் சொல்றேன்... இல்ல, நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன்.

ஒரு மணி. நீ வரதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கறேன்... ஆமா, வில்லோட. நார்பர்ட், நான் உன்கிட்ட மன்னி...

ஹலோ?... ஹலோ?